கட்டில்ல படுத்துப் பாருடா

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். பின்படியில நின்னு அவர் ஒரு சத்தம் போட்டா, முன்சீட்டுல தூங்குறவன் தூக்கிவாரிப் போட்டு எந்திரிப்பான். சில்லறைக்கு ஒரு சண்டை, படியில தொங்குறவனோட ஒரு சண்டை, வீட்டுக்கு வந்தா உப்பு கம்மின்னு என்னோட ஒரு சண்டை. "இந்த வாய் மட்டும் இல்லன்னா உங்களை நாய் தூக்கிட்டுப் போயிடும்"னு நானே சொல்லியிருக்கேன்.

பக்கவாதத்துல அந்த வாய்தான் முதல்ல போச்சு. கையும் காலும் கூடவே போச்சு. ஒரே ஒரு விரல் மிச்சம். புத்தி தெளிவா இருக்குன்னு டாக்டர் சொன்னார். ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு தட்டு, அவ்வளவுதான் எங்க பேச்சு.

தூக்கி, புரட்டி, துடைச்சு, ஊட்டி, என் இடுப்பு விட்டுப்போச்சு. "அப்பாவை நோயாளிங்களைப் பார்த்துக்குற ஹோம்ல சேர்த்துடலாம்மா, நீ செத்துடுவே"ன்னா மக. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. தோணுனதுக்காக என்மேலயே எரிச்சல் வந்துச்சு. அவரைக் கேட்டேன். எல்லாத்துக்கும் தட்டுற மனுஷன் அதுக்கு மட்டும் தட்டவே இல்ல.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ற என் தம்பி, "மாமா மனசுல என்ன இருக்குன்னு அவரே எழுதட்டும்க்கா"ன்னு ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டாந்தான். அதுல படம் அனுப்புற கிராபிக்ஸ் கார்டுலேருந்து மஞ்சள் முனை வயரை இழுத்து, கட்டிலுக்கு எதிர்ல இருந்த பழைய குண்டு டிவியில சொருகினான். திரை முழுக்கக் கட்டம், கட்டத்துக்குள்ள எழுத்து. வெளிச்சம் கட்டம் கட்டமா நகரும். வேணுங்கிற எழுத்துல வந்ததும், விரலுக்கடியில வச்ச பட்டனை இவர் அழுத்தணும்.

தம்பி டிவியில மூக்கு முட்ட நின்னு, எழுத்து கத்தி மாதிரி தெரியுற வரைக்கும் என்னென்னவோ மாத்தினான். "பாருக்கா, அச்சடிச்ச மாதிரி இருக்கு!" இவர் கொஞ்ச நேரம் பார்த்தார், கண்ணை இறுக்கி மூடிக்கிட்டார். மறுநாளும் அப்படித்தான். "மாமாவுக்கு இஷ்டமில்லக்கா"ன்னுட்டான் தம்பி. என்கூடப் பேசவே பிடிக்கலையோன்னு நினைச்சு உடைஞ்சு போனேன்.

ஒரு மத்தியானம் அவரைத் துடைச்சு முடிச்சதும் அலுப்புல அவர் பக்கத்துலயே சாஞ்சுட்டேன். எதிர்ல டிவி. ஐயோ! கட்டத்துக் கோடெல்லாம் குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்குது. கண்ணைத் திருப்பினா கண்ணோரத்துல இன்னும் மோசம். எனக்கே நெத்திப்பொட்டு வலிச்சுது.

தம்பியைப் போன் போட்டு வரவழைச்சேன். "உள்ள போய் உங்க மாமா பக்கத்துல படுடா."

"எதுக்குக்கா?"

"படுன்னா படு!"

கூச்சப்பட்டுக்கிட்டே படுத்தான். பார்த்தான். "அட கடவுளே"ன்னு எந்திரிச்சு உக்காந்தான். எழுத்து கூர்மையா தெரியணும்னு, நடுக்கத்தை அடக்குற செட்டிங்கை அவனே அணைச்சு வச்சிருக்கான். இந்த டிவி ஒரு கோடு விட்டு ஒரு கோடாத்தான் படம் வரையுமாம். மெல்லிசு கோடுன்னா துடிக்குமாம்; கிட்ட நின்னு எழுத்தை மட்டுமே பார்த்ததுல அவன் அதைக் கவனிக்கலையாம்.

அந்த செட்டிங்கைத் திரும்பப் போட்டான். எழுத்து லேசா மழுங்குச்சு, ஆனா அசையாம நின்னுச்சு. மெல்லிசு கோட்டைத் தடியாக்கி, பளீர் வெள்ளையைச் சாம்பலாக்கி, எழுத்தைப் பெருசாக்கினான். மஞ்சள் வயரைக் கழட்டிட்டு, வெளிச்சத்தையும் கலரையும் தனித்தனியா கொண்டுபோற உருண்டை முனை வயரைப் போட்டான். ஒவ்வொண்ணுக்கும் ஓடிவந்து கட்டில்ல படுத்துப் பார்த்தான். இவர் நெஞ்சு குலுங்குச்சு. சிரிக்கிறார்!

அப்புறம் நான் கேட்டேன். "ஹோமுக்குப் போறீங்களா? மறைக்காம சொல்லுங்க."

விரல் அழுத்த ஆரம்பிச்சுது. ஒவ்வொரு எழுத்தா வந்துச்சு. தம்பி வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே வந்தவன் பாதியில நிறுத்திட்டான். மிச்சத்தை நானே படிச்சேன்.

"முடியலன்னு உன் வாயால சொல்லு. போறேன்."

பாவி மனுஷன். இத்தனை நாளா இதுக்குத்தான் காத்திருந்திருக்கார். அழக்கூடத் தெம்பில்ல எனக்கு. "முடியலைங்க"ன்னேன். "சத்தியமா முடியலைங்க."

ஒரு தட்டு தட்டினார்.

அந்த வாரமே கூட்டிட்டுப் போனோம். வண்டியில முதல்ல அந்த டிவியையும் கம்ப்யூட்டரையும்தான் ஏத்தச் சொன்னேன். நான் பார்க்கப் போறப்ப என்னைத் திட்டுறதுக்கு அவருக்கு வேணுமே.