ஃபில்டருக்குள் போன மீன்

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்த பிறகு அவருடைய மீன் தொட்டி என் பொறுப்பில் வந்து சேர்ந்தது. அதுவரை நான் அதற்குள் கை விட்டதில்லை. கடுகண்ணாவையில் எங்கள் வீட்டு முன்னறையில், வாசல் கதவுக்குப் பக்கத்தில் அது இருந்தது. அவர் கண்டி டவுனில் திரைச்சீலைத் துணிக்கடை வைத்திருந்தவர். நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு பேசிவிட்டு வந்து, பின்னேரத்தில் தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு மீன்களோடும் பேசுவார். நான் சமையலறையில் இருந்து கேட்டுச் சிரிப்பேன்.

நோய் வந்து வலது கையும் காலும் தளர்ந்தன. அதைவிடப் பெரிய இடி, பேச்சு போனதுதான். நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும். பதில்தான் வராது. தண்ணீர் கேட்க நினைத்து "கதவு" என்பார். சொன்னது பிழை என்று அவருக்கே தெரியும். கண்களை இறுக மூடிக்கொண்டு இடது கையால் கதிரையில் அடிப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது.

தொட்டியின் அடியில் ஐந்து மீன்கள் இருந்தன. லோச் என்று கடைக்காரர் பெயர் சொன்னாராம். விரல் நீளம், பென்சில் பருமன்கூட இல்லை. மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டி போட்ட உடம்பு, வாயைச் சுற்றிச் சின்ன மீசை. மற்ற மீன்கள் நடுத்தண்ணீரில் நீந்தும்போது இவை கீழே மணலைக் கிளறிக்கொண்டிருக்கும். கல்லுக்கு அடியில், செடி வேருக்குள், எங்கே ஒரு இடுக்கைக் கண்டாலும் தலையை நுழைத்துப் பார்க்காமல் விடாது.

தொட்டியின் பின்விளிம்பில் ஃபில்டர் பெட்டி தொங்கியது. அதிலிருந்து ஒரு குழாய் தண்ணீருக்குள் இறங்கும். குழாயின் நுனியில் கீறல் கீறலாகத் துவாரம் வைத்த மூடி. மோட்டர் அதன் வழியாகத் தண்ணீரை இழுத்து, பெட்டிக்குள் இருக்கும் பஞ்சில் வடித்து, திரும்பத் தொட்டியில் விடும். அந்தத் துவாரத்துக்குள் ஒரு மீன் போகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு நாள் காலை அவருக்கு இடியப்பம் ஊட்டிவிட்டு, பீங்கானைக் கழுவப் போனேன். முன்னறையில் ஏதோ சரியும் சத்தம். ஓடி வந்து பார்த்தால், எழும்ப முயன்று கதிரையில் பாதி வழுக்கிக் கிடந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்ன செய்யுது? நெஞ்சு நோவுதா?"

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"தல சுத்துதா? செல்லுங்களே."

"மா..." என்றார். "மாளு... மாளு."

என் காதில் அது "மகள்" என்றுதான் விழுந்தது.

"மகளா? மகளப் பாக்கணுமா?"

இன்னும் வேகமாகத் தலையை ஆட்டினார். ஆம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இடது கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய பக்கத்தில் தொட்டியும் இருந்தது, வாசலும் இருந்தது. நான் வாசலைத்தான் பார்த்தேன்.

தெல்தெனியவில் இருக்கும் மகளுக்குப் போன் எடுத்தேன்.

"வாப்பா ஒன்னக் கேக்குறாங்க. கண்ணெல்லாம் தண்ணி. எனக்குப் பயமா ஈக்குது மகள், கொஞ்சம் வந்துட்டுப் போறியா?"

"இப்பவே வாறன் உம்மா. நீங்க அழ வாணாம்."

அவள் கண்டிக்கு வந்து, அங்கே இன்னொரு பஸ் மாறி வர வேண்டும். அதுவரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டு யாசீன் ஓதினேன். அவர் என் கையைத் தட்டித் தட்டி விட்டார். "மாளு" என்று கத்தினார், பிறகு அழுதார். என் நெஞ்சுக்குள் ஒரே எண்ணம்தான். தான் போகப் போவது இவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் மகளைக் கேட்கிறார்.

மகள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து அவர் முன்னால் மண்டியிட்டாள்.

"வாப்பா, நான் வந்துட்டன். பாருங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, குரல் கம்மிப் போய், "மாளு" என்றார்.

மகள் வேலை செய்யும் இடத்தில் நாள் முழுக்கச் சிங்களம்தான். அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

"உம்மா, மகள் எண்டு செல்லல்ல. சிங்களத்துல மாளு எண்டு செல்றாங்க. மீன்! மீனுக்கு என்னமோ நடந்தீக்குது."

அவர் கண்களை மூடி நீளமாக மூச்சு விட்டார். காலம் முழுக்கக் கடையில் சிங்களத்தில் வியாபாரம் செய்தவர். தமிழ்ச் சொல் வர மறுத்த இடத்தில் அந்தச் சொல் வந்திருக்கிறது. நான்தான் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

எண்ணிப் பார்த்தோம். அடியில் மூன்று லோச்தான் இருந்தன. மகள் பிளக்கை இழுத்துவிட்டு ஃபில்டர் பெட்டியின் மூடியைத் திறந்தாள். பஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்று சுருண்டு கிடந்தது. தொட்டதும் துள்ளியது. மற்றதை மோட்டரின் சுழல்தகட்டில் இருந்து எடுக்க வேண்டியிருந்தது. அதை முழு மீன் என்று சொல்ல முடியாது.

"ஒண்டு ஹயாத்தோட ஈக்குது வாப்பா, உசிர் போகல்ல," என்று அவள் அதை விட்டிருந்த தண்ணீர்க் கோப்பையைக் காட்டினாள். அவர் கோப்பையைப் பார்க்கவில்லை. அவளுடைய மற்றக் கையில் கடதாசியில் மடித்து வைத்திருந்ததையே பார்த்தார்.

அவை உள்ளே போவதை அவர் பார்த்திருக்கிறார். மோட்டர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, உதவி கேட்டுக்கொண்டு, அத்தனை நேரமும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். நான் அவர் காலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அன்றே மகள் புதுப் பஞ்சுத் துண்டு ஒன்றை வெட்டி, நடுவில் துளை போட்டு, குழாயின் நுனி முழுவதும் மூடும்படி மாட்டிவிட்டாள். தண்ணீர் போகும், மீன் போகாது. பஞ்சில் அழுக்கு அடைத்தால் கழுவிப் போட வேண்டும். அந்த வேலையை நான் பழகிக்கொண்டேன்.

ஜனவரிக் குளிர் வந்தபோது அடுத்தது. எங்கள் பக்கத்தில் அந்த மாதங்களில் தண்ணீருக்கு ஹீட்டர் இல்லாமல் முடியாது. கண்ணாடிக்கும் ஹீட்டருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் ஒரு லோச் சூடு காய நுழைந்திருக்கிறது. அவர் கதிரையில் தட்டினார். இந்த முறை நான் நேராகத் தொட்டியைத்தான் பார்த்தேன். ஆனாலும் அதன் விலாவில் வெள்ளையாய் ஒரு வடு விழுந்திருந்தது. சில நாட்களில் அது செத்துப்போனது. டவுனுக்குப் போய் ஹீட்டருக்கு பிளாஸ்டிக் கூடு வாங்கி வந்தேன். கூட்டின் ஓட்டைக்குள்ளும் இவை புகுந்துவிடும் என்று பார்த்ததுமே தெரிந்தது. மெல்லிய பிளாஸ்டிக் வலையைக் கூட்டைச் சுற்றிக் கட்டி, மணலில் இருந்து உயர்த்திப் பொருத்தினேன். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த தடவை வந்தபோது மகள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "இத யாருக்காவது குடுத்திடுவம் உம்மா. வாப்பாவ நீங்க பாக்குறதே பெரிய வேல. ஒவ்வொண்டும் சாகச் சாக அவங்களும் ஒடஞ்சி போறாங்க."

"வாணாம்," என்றார் அவர் கதிரையில் இருந்து.

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். நோய் வந்த பிறகு இடம் பார்த்து, பிழையில்லாமல் அவர் சொன்ன முதல் தமிழ்ச் சொல் அது. மகள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

தொட்டி வீட்டிலேயே இருந்தது. அந்த ஒரு சொல்லும் அப்படியே தங்கிவிட்டது. வேறு சொல் எதுவும் அதோடு வரவில்லை. மருந்து கொடுத்தால் வாணாம். பேச்சுப் பயிற்சிக்கு வேன் வந்தால் வாணாம். பசித்திருக்கும்போது சோற்றுக்கும் வாணாம், சொல்லிக்கொண்டே வாயைத் திறக்கிறார். எது உண்மையான வாணாம், எது வேறு சொல் கிடைக்காமல் வந்த வாணாம் என்று நான் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். சில நாள் பிழையாகிவிடுகிறது.