ஆளில்லாத கோச்சி

கண்டியில் ஒரு புகைப்பட ஸ்டூடியோவின் பின்னறையில் பல வருடங்கள் குடியிருந்தேன். பகலில் அங்கேதான் வேலை. வேலை முடிந்ததும் ஒரு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் அதுதான் வீடு. ஒரு கட்டில், ஒரு அலுமாரி, தூக்கிப் போட மனமில்லாமல் முதலாளி வைத்திருந்த கால் ஆடும் கதிரைகள், படம் எடுக்கும்போது பின்னால் தொங்கவிடும் பழைய சீலைகள். ஒரு சீலையில் ஏரியும் அன்னங்களும் வரையப்பட்டிருந்தன. கட்டிலில் படுத்தால் அந்த அன்னங்கள்தான் கண்ணுக்கு நேரே இருக்கும்.

இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி தேயிலைத் தோட்டத்து மக்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பாஸ்போட்டுக்குக் குடும்பமாகப் படம் எடுக்க வேண்டும். தெல்தெனியப் பக்கத்திலிருந்தும் கடுகண்ணாவைப் பக்கத்திலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். பிள்ளைகளுக்கு எண்ணெய் வழிய வழியத் தலை சீவியிருக்கும். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "சிரிக்க வேண்டாம், நேர பாருங்கோ" என்பார். அவர் சொல்ல வேண்டிய அவசியமே இருந்ததில்லை. யாரும் சிரிக்கிற நிலையில் வரவில்லை.

என் குடும்பமும் அப்படித்தான் ஒருநாள் வந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தங்கைக்கும் இந்தியா என்று ஆகிவிட்டது. நான் வயது வந்தவன் என்பதால் பிரஜாவுரிமைக்குத் தனியாக மனுப் போட்டிருந்தேன். எனக்கு இலங்கை என்று வந்தது. முதலாளி கறுப்புத் துணியை என் கையில் கொடுத்து, "உம்மட ஆக்கள், நீரே எடும்" என்று ஒதுங்கிக்கொண்டார். அம்மாவும் தங்கையும் நேராகப் பார்த்தார்கள். அப்பா லென்ஸைப் பார்க்கவில்லை. கமராவுக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். அந்தப் படமே பாஸ்போட்டுக்கும் போனது.

அவர்கள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. மற்ற நாட்களில் இருட்டறைக்குள் யாருடைய முகமாவது தண்ணீருக்குள் மெல்ல மெல்லத் தெளிந்து வரும்; அதுவே ஒரு துணை. ஞாயிறன்று அதுவும் இல்லை. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றுவேன். மறுபடியும் சுற்றினால் அங்கே கடலை விற்கிறவர் ஏதாவது நினைப்பாரோ என்று வேறு தெருவால் திரும்பிவிடுவேன்.

அப்படித் திரும்பிய ஒருநாள் மார்க்கெட்டுக்குப் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு கட்டுச் சஞ்சிகைகளைப் பார்த்தேன். பேராதனையில் படிப்பித்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனவையாம். எல்லாமே மாதிரி ரயில் பற்றியவை. "இத ஒருத்தரும் தொடவே இல்ல தம்பி. சாமான் சுத்திக் குடுக்கத்தான் வெச்சிருந்தேன்" என்று கடைக்காரர் கட்டோடு தூக்கிக் கொடுத்தார்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. டை கட்டிய பெரிய மனிதர்கள் விளையாட்டு ரயிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றார்கள். ஆனால் சில பக்கங்களில் மனிதர்கள் இல்லாமல் ரயில் மட்டும் இருந்தது. மழையில் நனைந்த பிளாட்பாரம், வளைவில் சாய்ந்து வரும் எஞ்சின், தூரத்தில் மலை. நிஜ ரயில் என்று நினைத்து அதன் கீழே எழுதியிருந்ததைப் படித்தால், எல்லாம் சாப்பாட்டு மேசையளவு பலகையில் நிற்கிறதாம். படம் எடுப்பது என் தொழில். என்னையே ஏமாற்றிவிட்டார்களே என்றிருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

அதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. நாம் நிற்கிற உயரத்திலிருந்து எடுத்தால் பொம்மை பொம்மையாகத்தான் தெரியும். அந்தப் பிளாட்பாரத்தில் விரல் நக அளவு ஒரு மனிதன் நின்றால் அவன் கண் எங்கே இருக்குமோ, அங்கே லென்ஸைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றுபோலத் தெளிவாக விழ வேண்டுமென்றால் வெளிச்சம் போகும் துவாரத்தை ஊசி முனை அளவுக்குச் சுருக்க வேண்டும். அப்போது வெளிச்சம் போதாது. மூடியைத் திறந்துவிட்டு நீண்ட நேரம் அசையாமல் காத்திருக்க வேண்டும். அசையாமல் காத்திருக்கிறதற்கு என்னைவிடத் தோதான ஆள் கண்டியில் இருந்திருக்க மாட்டான்.

எனக்கு ரயில்தான் இல்லை. ஆகவே செய்தேன். பிலிம் சுருள் வரும் அலுமினியக் குப்பிகள் எஞ்சினாயின. போட்டோக் கடதாசி வரும் அட்டைப்பெட்டியை வெட்டி ரயில் பெட்டிகள் செய்தேன். கெட்டுப்போன நெகட்டிவ்களைக் கழுவிக் கண்ணாடிபோலாக்கி யன்னல்களில் ஒட்டினேன். குடித்து முடித்த தேயிலைச் சக்கையைக் காயவைத்து மண்ணாகப் பரப்பினேன். கால்வாய்ச் சுவரில் படர்ந்திருந்த பாசியைப் பெயர்த்து மரம் நட்டேன். தண்டவாளம் எப்படிச் சாய்கிறது என்று பார்ப்பதற்காகவே கடுகண்ணாவைக்குப் போய்க் கணவாய் ஓரம் உட்கார்ந்திருந்த ஞாயிறுகளும் உண்டு. ரயிலில் ஒரு பக்கத்தை மட்டுமே செய்தேன். கமராவுக்குத் தெரியாத பக்கம் வெறும் அட்டையாகவே இருந்தது.

படம் எடுப்பது லேசாக இல்லை. முடி ஒன்று விழுந்திருந்தால் படத்தில் மரக்கொம்பு விழுந்து கிடப்பதுபோலத் தெரியும். மூடியைத் திறந்து வைத்திருக்கும்போது தெருவில் பஸ் போனால் தரை அதிரும், எல்லாம் பாழ். பின்னால் சுவர் தெரியாமல் மறைப்பதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் பல வாரம் திண்டாடி, கடைசியில் சாம்பிராணிப் புகை போட்டேன். நீண்ட நேரம் திறந்திருந்த கமராவில் அலையலையாகப் போன புகை ஒரே படலமாகிப் பனியாக விழுந்தது. இருட்டறையில் அந்தப் படம் தண்ணீருக்குள் எழுந்து வந்தபோது நான் வாய்விட்டு, "இங்க பாருங்க" என்றேன். பக்கத்தில் யாரும் இல்லை.

அந்தப் படத்தை இங்கிலாந்துக்கு, அந்தச் சஞ்சிகைக்கே அனுப்பினேன். மாதக்கணக்கில் சத்தமில்லை. பிறகு ஒருநாள் தபாலில் ஒரு பிரதி வந்தது. வாசகர் பக்கத்தின் மூலையில், நெருப்புப்பெட்டி அளவில் என் ரயில் இருந்தது. என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். பனியை எப்படிக் கொண்டுவந்தேன் என்று வியந்து ஒரு வரி. அதை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். யாரிடம் காட்டுவது? வழக்கமாகச் சாப்பிடும் கடையில் காட்டினேன். காசு வாங்குகிறவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "கோச்சி படம். அதுக்கென்ன?" என்றார். அது நான் செய்தது என்று விளங்கப்படுத்த ஆரம்பிப்பதற்குள் வேறு ஆள் வந்துவிட்டார்.

முதலாளிக்கு மட்டும் விளங்கியது. பெரிய அளவில் ஒரு பிரதி போடச் சொல்லி, "ஐசே, இது வெளியில இருக்க வேண்டிய படம்" என்று தெருவைப் பார்த்த கண்ணாடிப் பெட்டியில் கல்யாணப் படங்களுக்கு நடுவில் வைத்தார்.

கொஞ்ச நாளில் ஒரு அம்மா அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நிற்பதை உள்ளேயிருந்து பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். தலையில் முக்காடாகச் சேலைத் தலைப்பு, கையில் மருந்துப் போத்தல் போட்ட பை. கடைசியில் படியேறி வந்தார்.

"தம்பி, வெளியில ஒரு கோச்சி படம் இருக்கே. அது இந்தியாக் கப்பலுக்குப் போற மன்னார் கோச்சிதானே?"

"இல்லீங்கம்மா" என்றேன்.

"அன்னைக்கும் இப்படித்தான் பனி. எங்க மக அதுலதான் போனா. கைய மட்டும்தான் பாத்தேன், மொகத்தப் பாக்க முடியல. அந்தப் படத்துல ஒண்ணு குடுப்பீங்களா?"

பொய் சொல்லிக் கொடுத்திருந்தால் அவர் சந்தோஷமாகப் போயிருப்பார். "அது நெசக் கோச்சி இல்லீங்கம்மா. நான் அட்டையில செஞ்சது" என்றேன்.

அவர் நம்பவில்லை. நான் திரையை விலக்கி அவரைப் பின்னறைக்குக் கூட்டிப்போனேன். என் அறைக்குள் வந்த முதல் விருந்தாளி அவர்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் பலகைமேல் ரயில் நின்றது. குனிந்து பார்த்தார். தேயிலைச் சக்கையை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய் வெறும் அட்டையைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் செய்யலியா?"

"படத்துல தெரியாதுங்க."

"ஆளுகளும் இல்லையே தம்பி. ஆளில்லாத கோச்சி எங்க போவுது?"

மனிதர்களை வைத்தால் பொம்மை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும், சஞ்சிகைக்காரர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு, மகளின் குடும்பத்துக்குப் பாஸ்போட் படம் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். "இங்கதான். அந்த ஐயாதான் எடுத்தாரு" என்றார். எந்தத் தோட்டம், எந்த மழைக்குப் பிறகு எடுத்தது என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

நெகட்டிவ் பெட்டிகளைக் கிளறி அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்தேன். புருஷன், மடியில் கைக்குழந்தையோடு அவர் மகள். படத்தைப் பெரிதாக்குகிற கருவியாலேயே சின்னதாக்கவும் முடியும். பயறு அளவுக்கு முகங்களைச் சுருக்கி, நகம் வெட்டும் கத்தரியால் வெட்டி யன்னலுக்குப் பின்னால் ஒட்டினேன். குழந்தை யன்னலுக்குக் கீழே போய்விட்டது. பக்கத்து யன்னல்கள் காலியாகக் கிடந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இன்னொரு நெகட்டிவை எடுத்தேன். அப்பா, அம்மா, தங்கை மூவரையும் அடுத்தடுத்து உட்காரவைத்தேன். சாம்பிராணி போட்டு, பஸ் ஓய்ந்த நேரம் பார்த்து மூடியைத் திறந்தேன். புகை யன்னல்களை மறைப்பதும் விலகுவதுமாக இருந்தது. 

அந்த அம்மா அடுத்த தடவை மருந்தெடுக்க வந்தபோது படத்தையும் நெகட்டிவ் பார்க்கும் பூதக்கண்ணாடியையும் அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் பிடிக்கத் தெரியாமல் முதலில் கண்ணோடு ஒட்டி வைத்தார். பிறகு பிடிபட்டது.

"இவதான்" என்றார். யன்னலுக்குக் கீழே தேடினார். "புள்ள மடியில இருக்கான். அதான் தெரியல." கண்ணாடி மெல்ல நகர்ந்தது. "இவங்க யாரு?"

"எங்க அப்பா, அம்மா. அது தங்கச்சி."

"அப்ப எல்லாம் ஒண்ணாத்தான் போயிருக்காங்க." அப்படித்தான் நடந்தது என்பதுபோலச் சொன்னார். அவர்கள் போனது வேறு வேறு மாதங்களில். நான் மறுக்கவில்லை.

படத்தைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா போனதும், "இப்பிடிச் செய்து குடுத்தா எத்தினை சனம் வரும் தெரியுமே?" என்றார். "என்னால முடியாதுங்க" என்றேன். அவருக்கு நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, "சரி, ஓம், விடும்" என்றார்.

அதன் பிறகு அந்த அம்மா ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்ப்பார். சில நேரம் ரொட்டி கொண்டுவருவார். பின்னறையில் உட்கார்ந்து, மகள் போட்ட கடிதத்தில் உள்ளதைச் சொல்வார். அங்கே காட்டில் மரம் வெட்டப் போகிறாளாம், குழந்தை நடக்கிறானாம். நான் அதிகம் பேச மாட்டேன். ஆனால் அவர் வரக்கூடிய கிழமைகளில் அறையைக் கூட்டி வைக்கத் தொடங்கியிருந்தேன்.

பிறகு அவருக்கும் அவர் புருஷனுக்கும் இந்தியா என்று வந்தது. ஸ்டூடியோக் கதிரையில் வந்து உட்கார்ந்து, "தம்பியே எடுக்கட்டும்" என்றார். நேராகப் பாருங்கள் என்றேன். பார்த்தார், ஆனால் வாய் சிரித்துவிட்டது. மகளிடம் போகிற சிரிப்பு. இரண்டாவது தடவையும் அப்படியே. அதையே கொடுத்தேன். பாஸ்போட் ஆபீஸில் யாரும் திருப்பி அனுப்பவில்லை.

என் குடும்பத்தை ஏற்றிவிட்ட பிறகு நான் ரயில்வே ஸ்டேஷனுக்குள் போனதே இல்லை. அவருக்காகப் போனேன். பிளாட்பாரம் முழுக்கக் கட்டிப் பிடித்து அழுகிறவர்கள். அவர் அழவில்லை. யன்னலால் கையை நீட்டி என் தோளைப் பிடித்து, "நீங்களும் ஒங்க ஆளுகள்ட்ட போயிட்டு வாங்க தம்பி. கோச்சி செஞ்சுக்கிட்டே இருந்துறாதீங்க" என்றார். கோச்சி நகர்ந்த பிறகும் ஒரு குடும்பம் அதன் கூடவே ஓடியது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

நான் இந்தியாவுக்குப் போகப் பல வருடங்கள் எடுத்தன. அதற்குள் கப்பல் நின்றுபோய்விட்டது. அப்பாவும் இறந்துபோய்விட்டார். கடைசியில் விமானத்தில் போய், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்த தங்கையின் வீட்டைக் கண்டுபிடித்தேன். நான் தூக்கி வளர்த்தவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அம்மாவுக்கு நினைவு மங்கியிருந்தது; என்னை அடையாளம் தெரிய நேரம் பிடித்தது.

அந்த ரயில் படத்தில் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். தங்கை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். யன்னலில் தன் சின்ன முகத்தைக் கண்டதும் அவளுக்கு முகம் மாறியது.

"இத எப்ப செஞ்சே?"

"நீங்க போன அடுத்த வருஷம்."

"நாங்க அப்பவே எறங்கிட்டமே அண்ணே. மண்டபம் கேம்புல எறங்கி, வண்டி மாறி, இங்க வந்து, வீடு கட்டி, புள்ள பெத்து... நீ இன்னமும் எங்கள அதுக்குள்ளயே வெச்சிருக்கியே."

கோபமாகச் சொல்லவில்லை.  அவள் படத்தைச் சாமி தட்டுக்குப் பக்கத்தில், அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்தாள். அப்பாவுக்கென்று தனியாக அவர்களிடம் இருந்ததும் அந்தப் பாஸ்போட் படத்திலிருந்து பெருப்பித்ததுதான். அதில் அவர் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் பார்க்கிறார் என்று தங்கையின் பிள்ளைகள் கேட்டார்களாம். எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை.

விசா முடியும்வரை அங்கே இருந்தேன். "இங்கயே இருந்துருங்க மாமா" என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவர்கள் கேட்பதுபோல அவ்வளவு சுலபமா அது. காலையில் தங்கை கொழுந்தெடுக்கப் போன பிறகு நான் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அவர் என் கையை எடுத்துப் பார்த்து, விரலில், அந்த முகங்களை வெட்டும்போது கத்தரி பட்ட பழைய தழும்பைத் தடவி, "என்னப்பா வேலை செய்யிறே?" என்று கேட்டார். படம் எடுக்கிறேன் என்றேன். "சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன்.