தங்கையின் மைனஸ் ஒன்று

கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினேழு வருடமாகப் பார்வை சோதித்துவந்தாள் அவள். வருகிறவர்களுக்கெல்லாம் ‘கண்ணாடியக்கா’. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்டு, கண் இமைக்கும் நேரத்தில் பவரைச் சொல்லிவிடுவாள். அவள் எழுதிக் கொடுத்த சீட்டுக்கு முதலாளிகூட மறுபேச்சுப் பேசமாட்டார்.

அவளுடைய தங்கைக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்று. அக்காவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தங்கைக்கோ தலை போகிற விஷயம். ரயில் ஓட்டும் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். அதற்குக் கண்ணாடி இல்லாமலே பார்வை சரியாக இருக்க வேண்டும்.

ஒரு நாள் மதியம் அக்காவின் சாப்பாட்டு டப்பாவோடு கடைக்கு வந்தவள், தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

“அக்கா, கிராஸ்லிங்கிங்னு ஒண்ணு இருக்காமே? கண்ணுல வைட்டமின் சொட்டு விட்டு ஒரு வெளிச்சம் காட்டுவாங்களாம். லேசான கிட்டப்பார்வைக்கும் சில இடத்துல செஞ்சு பாக்கறாங்களாம். ஆஸ்பத்திரில கேட்டுட்டு வரலாமா?”

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அது கருவிழி மெலிஞ்சு கூம்பிப் போறவங்களுக்குச் செய்யறதுடி. உனக்கு இருக்கறது ஒரு துளி பவர். இன்னும் சரியா நிரூபிக்காத வேலைக்கு நல்ல கண்ணைக் கொண்டுபோய் நீட்டுவியா? போ, போய்ப் பொழப்பைப் பாரு.”

சொன்னதில் தப்பேதும் இல்லை. அதுதான் பிற்பாடு அவளை அதிகம் அரித்தது. சிகிச்சை வேண்டாம் என்றது சரி. ஆனால் ஆஸ்பத்திரிக்கே போகவிடாமல் செய்துவிட்டாளே.

ஆறு மாதத்தில் பவர் ஏறியது. அடுத்த ஆறு மாதத்தில் சிலிண்டர் என்கிற கோணல் பவரும் சேர்ந்துகொண்டது. “எங்க கடை ஓடறதே உன்னாலதான்” என்று கேலி பேசிக்கொண்டே அக்கா லென்ஸை மாற்றினாள். தங்கை ஓயாமல் கண்ணைக் கசக்கும்போதெல்லாம் கையைத் தட்டிவிட்டாள். வேறு யாராவது இப்படி வந்திருந்தால் இரண்டாம் முறையே ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதியிருப்பாள். வீட்டுப் பிள்ளை என்பதால் அலட்சியம்.

மூன்றாவது கண்ணாடிக்கு உட்கார வைத்தபோது, பெட்டியில் இருந்த லென்ஸ் அத்தனையும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. எழுத்துப் பலகையில் வலது கண் ஐந்தாவது வரியைத் தாண்டவில்லை.

“எதுவுமே தெளிவா இல்லக்கா. எழுத்துக்கெல்லாம் வால் முளைச்ச மாதிரி இருக்கு.”

அன்றைக்கே அக்கா அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் கருவிழியைப் படம் எடுத்தார்கள். நடுவுக்குக் கீழே சிவப்பாக ஒரு திட்டு, கருவிழி கூம்பத் தொடங்கிய இடம்.

“ஒரு வருஷத்துக்கு மேலா பவர் ஏறியிருக்கே, யார் பாத்தாங்க?” என்றார் டாக்டர்.

“நான்தான்.”

டாக்டர் படத்தை அவள் பக்கம் திருப்பினார். “கிராஸ்லிங்கிங் பண்ணலாம். ஆனா இதுக்கு மேல போகாம நிறுத்தறதுக்குத்தான். போன பார்வை திரும்பும்னு நினைக்காதீங்க.”

“முன்னாடியே வந்திருந்தா?” என்றாள் அக்கா.

“லேசான பவருக்குன்னு வந்திருந்தாலும் முதல்ல இந்தப் படம்தான் எடுத்திருப்போம். அப்பவே தெரிஞ்சிருக்கலாம்.”

அரை மணி நேரம் மஞ்சள் சொட்டு, பிறகு நீல வெளிச்சம். அதற்கப்புறம் மூன்று நாள் தங்கை ஜன்னலை மூடிப் போட்டு வலியில் துடித்தாள். வேளை தவறாமல் மருந்து விட்ட அக்கா, கடைசியில் தாங்கமாட்டாமல், “என்னை நாலு வார்த்தை திட்டிடேன்டி” என்றாள்.

“திட்டினா எரிச்சல் போயிடுமா? சொட்டை விடுக்கா.”

இடது கண் மேற்கொண்டு மோசமாகாமல் நின்றுவிட்டது. வலது கண்ணுக்குக் கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் போட வேண்டியதாயிற்று. ரயில் வேலை கைநழுவிப் போனது.

பவர் அடிக்கடி மாறுகிற எவரையும் கண்ணாடியக்கா இப்போது கடையில் உட்கார வைப்பதில்லை. நேரே ஆஸ்பத்திரிதான். “எல்லாரையும் இப்படி அனுப்பிட்டா நாம ஈ ஓட்ட வேண்டியதுதான்” என்று முதலாளி முணுமுணுக்கிறார். “ஓட்டுங்க” என்கிறாள்.

தங்கைக்குச் சரக்கு அலுவலகம் ஒன்றில் மேசை வேலை கிடைத்திருக்கிறது. பிடித்திருக்கிறதா என்று அக்கா கேட்டதில்லை.