கண்ணாடியில் ஏழாம் லயம்

யசோதினிக்கு மறதி என்பது கொஞ்சமும் கிடையாது. மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வீட்டு வரிசைகளில் ஒன்றான ஏழாம் லயத்தில் பிறந்தவள். இப்போது மஹய்யாவையில் அறை எடுத்துத் தங்கி, கண்டி டவுனில் ஒரு கடையின் மேல்மாடியில் கணினியில் வீடு வரைகிறாள். இன்னும் கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்த மாதிரியே காட்டுவது அவள் தொழில். வாயைத் திறந்து அதிகம் பேசமாட்டாள். சாமி கும்பிடும்போதும் தனக்கென்று எதுவும் கேட்கமாட்டாள். யோகராஜ் நாசமாகப் போகவேண்டும் என்றுதான் கேட்பாள்.

யோகராஜ் அந்தத் தோட்டத்துத் துரையின் பழைய பங்களாவை வாங்கி ஹோட்டலாக்கியவர். வாங்கின கையோடு, பங்களா வழியாக ரோட்டுக்குப் போகும் குறுக்குப் பாதையில் கேட் போட்டுப் பூட்டினார். நாலு வருசத்துக்கு முன் யசோதினியின் அப்பா பொன்னையாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, கேட்டைத் திறக்கச் சொல்லி லயத்து ஆட்கள் கெஞ்சினார்கள். "கெஸ்ட் இருக்காங்க, சுத்திப் போங்க" என்றார் யோகராஜ். கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு சுற்றித்தான் போனார்கள். ரோட்டுக்கு வந்து இறக்கியபோது பொன்னையா உயிரோடு இல்லை.

அதே யோகராஜ் ஒரு நாள் மேல்மாடி ஏறி வந்து, ஹோட்டலின் புதுக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் படம் கேட்டார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"லயம் கியம் ஒண்ணும் படத்துல வரக்கூடாது தங்கச்சி."

"வராதுங்க சார்" என்று சொல்லி, சர்வே பிளானை வாங்கி வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோசத்தில்.

பிளானில் இருந்ததையெல்லாம், எதிர்மேட்டு லயங்களையும் சேர்த்து, கணினிக்குள் கட்டினாள். கமராவைக் கட்டடத்தைப் பார்த்து வைத்தாள். லயங்கள் கமராவுக்கு முதுகுப்பக்கம். சொன்னபடி ஒரு லயமும் நேரே தெரியவில்லை. ஆனால் கண்ணாடி எதிரே இருப்பதைக் காட்டாமல் விடுமா? மூன்று மாடிக் கண்ணாடியிலும் தகரக் கூரைகள் மங்கலாக விழுந்தன. யோகராஜ் போனில் பார்த்துவிட்டு 'சூப்பர்' என்று பதில் அனுப்பினார்.

ஹோட்டலில் பங்காளியாகப் பணம் போட இருந்த நஸீப் ஹாஜியாருக்குப் படம் காட்டும் நாளும் வந்தது. சுவரளவு திரை. ஹாஜியார் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இந்தக் கண்ணாடிக்குள்ள என்ன ஈக்கி? வீடு மாதிரி."

யோகராஜுக்கு முகம் கறுத்தது. "இது இந்தப் புள்ள ஒட்டின வேல ஹாஜியார். எதிர்ல வெறும் மேடு."

"நான் ஒட்டலீங்க சார். பாக்கிறீங்களா?"

இதற்காகத்தான் அவள் எல்லாப் பாஸையும் எடுத்து வைத்திருந்தாள். ஒரு படத்தைச் செய்யும்போதே கணினி அதன் வெளிச்சத்தையும் பிரதிபலிப்பையும் தனித்தனிப் படமாகவும் தரும். அவற்றுக்குத்தான் பாஸ் என்று பெயர். போட்டோஷொப்பில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் முழுப் படம் வரவேண்டும். கையால் எதையாவது ஒட்டியிருந்தால் பொருந்தாது.

நேர் வெளிச்சத்தை வைத்தாள். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைக் கூட்டினாள். கட்டடம் எழும்பியது, கண்ணாடி மட்டும் கரிச்சட்டியாகக் கிடந்தது. பிரதிபலிப்பைக் கூட்டினாள். வானம் வந்தது, லயமும் வந்தது. பிறகு முதலில் காட்டிய முழுப் படத்தை அதன்மேல் வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டச் சொன்னாள். ஒரு புள்ளி மாறியிருந்தாலும் அது மின்னும். திரை முழுக்க இருண்டு போனது.

"ஒண்ணும் ஒட்டலீங்க. சார் குடுத்த பிளான்ல உள்ளதுதான்." பிளானை ஹாஜியாருக்கு முன்னால் விரித்தாள்.

"எத்தின குடும்பம்?"

"இருபத்தி நாலுங்க."

ஹாஜியார் திரும்பினார். "ஆளில்லாத காணின்னு தானே யோகராஜ் செல்லினீங்க? ஒங்களோட எனக்குச் சரிவராது." பைலை மூடிக்கொண்டு படியிறங்கினார்.

யசோதினிக்கு உச்சி குளிர்ந்தது. யோகராஜ் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். அதை அவள் ஆசை தீரப் பார்த்தாள்.

"யாரு புள்ள நீ?"

இந்தக் கேள்விக்காகத்தான் நாலு வருசம் காத்திருந்தாள். பதிலைக் கேட்டதும் அவருக்கு அந்தக் கேட் ஞாபகம் வரும், தலை குனியும் என்று எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பாள்.

"ஏழாம் லயத்துப் பொன்னையா மக."

யோகராஜ் நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தார்.

"எந்தப் பொன்னையா?" என்று கேட்டார்.