ஒன்பது சீட்டும் ஒரு தையல்காரியும்

பஸ் டிக்கெட்டானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும், கைக்கு வந்ததும் சூசைமேரி அதை நடுவில் மடித்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தேய்த்து, விரித்துப் பார்ப்பாள். மேட்டுப்பாளையம் பஸ் கண்டக்டர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, அவளுக்கென்ன? இரண்டரை வருஷமாகக் கோவை மாவட்ட நீதிமன்றத்துக்கு அலைகிறவள் அவள்.

தொண்ணூற்றாறில், பெண்களுக்கென்று ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்குச் சீப்புச் சின்னத்தில் நின்றாள். பூட்டுச் சின்னத்து வெங்கடலட்சுமியிடம் நாலே ஓட்டில் தோற்றாள். இரண்டு சின்னத்திலும் முத்திரை இருக்கிறதென்று ஒன்பது சீட்டுகளைச் செல்லாதவை என்று தள்ளியிருந்தார்கள். சீப்பின் மேல் முத்திரை அழுத்தமாக இருந்தது. பூட்டின் மேல் மங்கலாக. எட்டிப் பார்த்தவளுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது.

"ஏனுங்க, துணியில சாக்பீஸ்ல கோடு போட்டு மடிச்சுத் தட்டுனா மறுபக்கமும் கோடு உழுகுமுங்க. அது நாம போட்ட கோடாகுமுங்களா? மை காயறதுக்குள்ள மடிச்சுப்போட்டாங்க, அவ்வளவுதானுங்க" என்று வாக்கு எண்ணிய மேசையருகே நின்று சொன்னாள். காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. வக்கீல் கதிர்வேல்தான் கேட்டார். அதையே தேர்தல் மனுவாக எழுதிப் போட்டார்.

வாய்தா மேல் வாய்தா. அந்த நாட்களில் நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்து ரவிக்கைகளுக்குக் கொக்கி கட்டுவாள். யாருடைய ரவிக்கை என்கிறீர்கள்? பாதி எதிர்மனுதாரருடையது. வேறு யார் தைத்தாலும் வெங்கடலட்சுமிக்குச் சரிப்படாதாம்.

"தலைவரானதுக்கப்புறம் அளவு மாறிப்போச்சுங்க அம்மணி" என்பாள் சூசைமேரி.

"கேசு இழுக்கற இழுப்புல இன்னும் மாறுமுங்க. உள்ள கொஞ்சம் துணி உட்டு வைங்க."

வக்கீல் தலையில் அடித்துக்கொள்வார்.

பதவிக்காலம் பாதி ஓடிவிட்டது, இனி எதற்கு இந்த அலைச்சல் என்று ஊரில் கேட்பவர்களுக்கு அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "ஒம்போது பேரு என்னைய நம்பிக் குத்துனாங்க. அது செல்லும்னு யாராச்சும் சொல்லோணுமில்லீங்க?"

ஒருவழியாக மறு எண்ணிக்கைக்கு உத்தரவு வந்தது. எண்ணிக்கை நாளன்று காலை நீதிபதி முன்னால் அந்த ஒன்பது சீட்டும் இருந்த உறை பிரிந்தது. முதல் சீட்டை எடுத்ததுமே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, இரண்டு முத்திரை இருக்கிறது என்றார். நீதிபதி சீட்டைப் பழைய மடிப்பிலேயே மெல்ல மடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மங்கல் முத்திரை அழுத்தமான முத்திரையின் மேல் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

"சீப்பு" என்றார். கிளார்க் எழுதிக்கொண்டார்.

இரண்டு, மூன்று. நாலாவது சீட்டோடு இருவரும் சமம். ஏசுவே, ஏசுவே என்று சூசைமேரியின் உதடு மட்டும் அசைந்தது. ஐந்தாவது சீட்டு மடிந்தது.

"சீப்பு."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பக்கத்தில் வெங்கடலட்சுமி தலை குனிந்து நின்றாள். ரவிக்கைக் கையின் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது. சூசைமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து வந்தாள். அந்த நூலை விரலில் சுற்றி, தையல் பிரியாமல் அறுத்துவிட்டு, கையின் மடிப்பைக் கட்டைவிரல் நகத்தால் நீவிவிட்டாள்.