ஐஸ் கரைத்த பிளானல்

மலாக்காவில் பிறந்து வளர்ந்தவளுக்குக் குளிர் என்றால் மழை விட்டதும் கொஞ்ச நேரம் வீசுகிற காற்று, அவ்வளவுதான். காஜா பேராங்கில் எங்கள் வீட்டில் போர்வை என்று ஒன்று இருந்ததே காய்ச்சல்காரரை மூடுவதற்குத்தான். அப்படிப்பட்ட என்னிடம், குளிருக்குச் சட்டைத்துணி தேர்ந்தெடுக்கும் வேலை வந்து சேர்ந்தது.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் என் வீட்டுக்காரருக்குக் கேமரன் மலைக்கு மாற்றல் வந்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் கப்பலேறிவிட, அவர் பார்த்த வேலையில் பாதி இவர் தலையில் விழுந்தது. பதவி உயர்வு என்று தெருவே வந்து கைகுலுக்கியது. எனக்கு மட்டும் சந்தோஷப்பட முடியவில்லை. முந்தின மழைக்காலத்தில்தான் அவர் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வந்திருந்தார். “இந்த நெஞ்சில் இன்னொரு முறை குளிர் இறங்கக் கூடாது” என்று டாக்டர் சொன்னபோது என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். வீட்டில் யாரிடம் சொன்னால் நடக்கும் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

ஜாலான் பெண்டஹாராவில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஜவுளிக்கடை பாய், தடித்த பிளானல் வேண்டும் என்றதும் சிரித்தார்.

“மலாக்காவுல இத யாரு கேக்குறா தங்கச்சி? எங்க அத்தா காலத்துச் சரக்கு ரெண்டு கிடக்கு. எது நல்லதுன்னு என்னைக் கேக்காத. நானே போட்டதில்ல.”

மேல் அலமாரியிலிருந்து இரண்டு கட்டுகளை இறக்கித் தூசி தட்டினார். ஒன்று சிவப்புக் கட்டம் போட்டது, பருத்தி. இரண்டு பக்கமும் பொசுபொசுவென்று பூனைக்குட்டி வயிறு மாதிரி இருந்தது. கன்னத்தில் வைத்தால் எடுக்க மனசு வராது. மற்றது சாம்பல் நிறம், ஆட்டு ரோமம். தூக்கினால் கனம், தொட்டால் முரடு. இழை எது என்றே தெரியாமல் அப்பிக் கிடந்தது. கழுத்தில் வைத்ததும் சொறியத் தோன்றியது. கசக்கிப் பிடித்துவிட்டால் கட்டம் போட்டது சுருங்கியபடியே இருந்தது, சாம்பல் மெல்ல விரிந்துகொண்டது. பாய் இரண்டிலும் ஒவ்வொரு நூல் உருவித் தீக்குச்சியில் காட்டினார். பருத்தி, காகிதம் எரிகிற வாசனை. சாம்பல் நிற நூல், தலைமயிர் பொசுங்குகிற வாசனை. எனக்குச் சுடுகாடு ஞாபகம் வந்தது. நல்ல காரியத்துக்குத் துணி எடுக்க வந்த இடத்தில் இது என்ன சகுனம் என்று புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆனாலும் மனசு ஒரு பக்கம் நிற்கவில்லை. இரண்டிலும் ஒரு துண்டு வெட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பக்கத்து வீட்டுச் செட்டிப் பெண், தமிழ் மறந்து மலாய் பேசும் பழைய மலாக்கா வம்சம், கெபாயாச் சட்டையும் கொண்டையுமாக எப்போதும் சிரித்த முகம், இரண்டையும் மடியில் போட்டுத் தடவிப் பார்த்து, கட்டம் போட்டதைக் காட்டி “இதுதான் பானாஸ்” என்று மலாயில் தீர்ப்புச் சொன்னாள். சூடாம். அந்த வெயிலில் எதைத் தொட்டாலும் சூடுதான் என்று நான் முணுமுணுத்தேன்.

என் வீட்டுக்காரர் தீர்ப்பை ஒத்திவைத்தார். அவருக்கு எதையும் பரீட்சை செய்து பார்க்க வேண்டும். ஐஸ் வாங்கிவரச் சொல்லி, ஒரே அளவு இரண்டு கட்டியாக உடைத்து, ஒவ்வொரு துண்டிலும் ஒன்றைச் சுற்றி வாசல் ஸ்டூலில் வைத்தார். தெருவே கூடிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பிரித்தால், கட்டம் போட்ட துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, உள்ளே நெல்லிக்காய் அளவு ஐஸ். சாம்பல் துணிக்குள் கோழிமுட்டை அளவு அப்படியே இருந்தது.

“பாத்தியா? துணியில சூடு இருந்தாத்தானே ஐஸ் கரையும்! அந்தச் சாக்குத் துணியில சூடே இல்ல,” என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன், அந்தப் பொசுங்கல் வாசனையிலிருந்து தப்பித்தோம் என்று. சிவப்புக் கட்டத்தில் மூன்று சட்டை தைத்து, ஓரத்தில் மஞ்சள் தடவி, சாமி படத்தின் முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்தேன். அவர் பஸ் ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை. யாராவது இருமினால் திடுக்கென்று திரும்பிப் பார்த்தேன். ஒரு மத்தியானம் ஐஸ் உருண்டை விற்கிறவர் எங்கள் சந்தில் வண்டியை நிறுத்தினார். பிள்ளைகளுக்கு ஐஸ் சீவ, மேலே போட்டிருந்த பழைய பட்டாளத்துக் கம்பளியை விலக்கினார். அந்த வெயிலில் ஐஸுக்குக் கம்பளியா என்று நினைத்தேன்.

“இதப் போட்டா ஐஸ் கரையாதா?” என்று கேட்டேன்.

“போடலன்னாத்தான் கரையும்லா. வெயில் உள்ள போயிடுமில்ல,” என்று சொல்லிவிட்டு அவர் சீவிக்கொண்டே இருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. வெளிச்சூட்டை உள்ளே விடாத துணிதானே உடம்புச் சூட்டையும் வெளியே விடாது? ஐஸைக் கரையவிடாத சாம்பல் துணிதான் ஜெயித்தது. நாங்கள் எல்லோரும் கூடி நின்று, தோற்ற துணியைப் பாராட்டி அவர் உடம்பில் மாட்டி மலைக்கு அனுப்பியிருக்கிறோம். அடுப்பில் குழம்பு இருந்தது. அதை அணைத்தேனா என்றுகூட ஞாபகமில்லை, பாய் கடைக்கு ஓடினேன்.

சாம்பல் துணியை வாங்கி அன்றே வெட்டி, அன்றே தைத்தேன். மஞ்சள் தடவ மறந்தது ரயிலில்தான் நினைவுக்கு வந்தது. தந்தி கொடுத்துவிட்டு, கோலாலம்பூர் வரை பஸ், தாப்பா வரை ரயில், அதற்கு மேல் மலை பஸ் என்று தனியாகப் போனேன். அப்போதெல்லாம் காட்டிலிருந்து கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் எப்போது சுடுவார்களோ என்று அந்த மலைப்பாதையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். எனக்கு அந்தப் பயம்கூட வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவர் நெஞ்சுதான் கண்ணுக்குள் வந்தது.

மலை மேல் தானா ராத்தாவில் பஸ் நின்றபோது வெளியே ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் வெள்ளைப் பனிமூட்டம். அதற்குள்ளிருந்து அவர் வந்தார், பஞ்சுத் தலையணை மாதிரி உருண்டையாக. மூன்று சட்டையையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதுகில் கை வைத்தேன். ஈரம். பனியை எல்லாம் அந்தப் பூனைக்குட்டித் துணி குடித்துவைத்திருந்தது. பேச வாயெடுத்தவர் இருமினார்.

“எத்தனை நாளா இந்த இருமல்?”

“இப்பத்தான். நீ வர்றதப் பாத்துட்டு.”

பொய். பக்கத்துக் காப்பிக்கடைக்குள் இழுத்துக்கொண்டு போய், முன்பின் தெரியாத கடைக்காரர் முன்னாலேயே மூன்று சட்டையையும் உரித்தேன். நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு நின்றது. சாம்பல் சட்டையை மாட்டினேன். பட்டனைப் போட அவர் விரல்கள் வரவில்லை, நானே போட்டேன்.

“கடிக்குதுடி.”

“கடிக்கட்டும்.”

சூடாகக் காப்பி வந்தது. அவர் தூக்கிய கிளாஸ் ஆடி, காப்பி மேஜையெல்லாம் சிந்தியது. நான் அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு பஸ் கிளம்பிப் போயிற்று. கடைக்காரர் மேஜையைத் துடைத்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் மறுபடி கிளாஸைத் தூக்கினார். இந்தத் தடவை அது ஆடவில்லை. இருமாமல் கடைசி மடக்கு வரை குடித்தார்.

அவர் கை ஆட்டம் நின்ற பிறகுதான் என் கை ஆட ஆரம்பித்தது.

“குளிருதா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.