சந்தனம் பூசிய கன்ட்ரோலர்

போன விஜயதசமி அன்று காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு இன்டர்நெட் உயிரை விட்டது. ஆயுதம் — ஓர் ஊக்கு. ஆசாமி கையும் களவுமாகப் பிடிபட்டார். என் மனைவியின் தம்பி செந்தில்.

விஷயம் புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தஞ்சாவூர் கரந்தைப் பக்கம் எங்கள் வீடு. கட்டியவர் எந்தப் படையெடுப்பை எதிர்பார்த்தாரோ தெரியவில்லை, சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். ஹாலில் இருக்கும் வைஃபை அடுத்த அறைக்குள் நுழையாது. செல்போன் டவரும் அப்படித்தான். யாராவது கூப்பிட்டால் வாசலுக்கு ஓடிப்போய்த்தான் 'ஹலோ' சொல்ல வேண்டும். இத்தனை நாள் அதை ஒரு குறையாக யாரும் நினைத்ததில்லை. மாலதி வேலையை விடும் வரை.

மாலதி என் மனைவி. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். பள்ளியை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே ஆன்லைனில் சொந்தமாக வகுப்பு எடுப்பது என்று முடிவு செய்தார். முதல் பேட்ச்சும் சேர்ந்துவிட்டது. எல்லாம் நம் ஊர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் போன குடும்பத்துப் பிள்ளைகள். பெற்றோர்கள் சொல்லி வைத்தாற்போல ஒரே நிபந்தனை போட்டார்கள் — முதல் பாடம் விஜயதசமி அன்று, நல்ல நேரத்தில் ஆரம்பிக்க வேண்டும். கடல் தாண்டினாலும் காலண்டர் கூடவே போகும் போலிருக்கிறது.

அந்த விஜயதசமி சனிக்கிழமையில் வந்தது. ஏழே முக்காலுக்கு நல்ல நேரம். ஒன்பதுக்கு ராகு காலம். நடுவில் முதல் வகுப்பு.

ஒரு அம்மா மட்டும் போனில் இழுத்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க... தஞ்சாவூர்ல நெட்டெல்லாம் ஒழுங்கா இருக்குமா? முதல் கிளாஸ் பாத்துட்டு சொல்றோமே."

மாலதி "தாராளமா பாருங்க" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தார். வைத்த பிறகு சிரிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நான் களத்தில் குதித்தேன். அறைக்கு ஒன்றாக வைஃபை பெட்டிகள் வாங்கினேன். அத்தனையையும் ஒரே இடத்திலிருந்து கட்டி மேய்க்க ஒரு கன்ட்ரோலரும் வாங்கினேன். வாய்க்காலுக்குத் தலைமதகு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் நெட் முதலில் அதற்குள் போகும். எந்த அறைக்கு எவ்வளவு, யாருக்கு உண்டு, யாருக்குக் கிடையாது... எல்லாம் அது வைத்ததுதான் சட்டம்.

மாட்டியது ஒரு மணி நேரம். பாதுகாப்புக்கு ஒரு வாரம். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றினேன். வெளியூரிலிருந்து உள்ளே நுழையும் வசதியை மூடினேன். டிவிக்கும் கேமராவுக்கும் தனி நெட்வொர்க், விருந்தாளிக்கு இன்னொன்று. அட்மினாக நுழைய வேண்டுமானால் என் போனுக்கு வரும் நம்பரையும் அடிக்க வேண்டும். அமைப்புகளை எல்லாம் பேக்கப் எடுத்து, அந்த ஃபைலுக்கும் ஒரு பூட்டு. அந்தப் பூட்டுக்கு மிக நீளமான ஒரு பாஸ்வேர்டு. எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைப்பது ஆபத்தாயிற்றே!

அட்மின் யார்? நான். நான் மட்டும்.

பதவி வந்தால் கை சும்மா இருக்குமா? யார் யார் நம் நெட்டில் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காவின் போன் இருந்தது. அவர் வீட்டு டிவியும் இருந்தது. அடுத்த அறைக்குப் போகாத நெட், ஹால் ஜன்னல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறது. கூத்தாநல்லூர்க்காரர். கணவர் மலேசியாவில். எப்போதோ ஒரு பெருநாள் அன்று பிரியாணியோடு வந்தவருக்கு மாலதி பழைய பாஸ்வேர்டைச் சொல்லியிருக்கிறார். உடனே வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றினேன். புதியதை வெளியில் யாருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் மதில் மேல் அவர் தலை தெரிந்தது. "தம்பி, உங்க வூட்டு நெட்டு ரிப்பேரா?"

"இல்லக்கா... செக்யூரிட்டி."

"அப்படியா" என்றார். அவ்வளவுதான். அந்த வாரமே அவர் வீட்டுக்குத் தனியாகக் கனெக்‌ஷன் வந்தது.

ஆயுத பூஜைக்கு செந்தில் வந்தார். நீடாமங்கலம் பக்கம் விவசாயம். சம்பாவுக்குக் களைக்கொல்லி அடித்துவிட்டு நேராக வந்த களைப்பிலும், வீட்டில் இருந்த அத்தனை சாமானையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தார். மிக்ஸி, ஸ்கூட்டர், தையல் மெஷின், மாலதியின் லேப்டாப். கன்ட்ரோலரையும் சாமி முன்னால் வைக்க வேண்டும் என்றார். அதைக் கழற்றினால் நெட் போய்விடும் என்று நான் மறுத்தேன். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, பெட்டி இருந்த இடத்திலேயே, ஓடிக்கொண்டே பொட்டு வாங்கிக்கொண்டது. மங்களகரமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை. மறுபூஜை முடிந்தது. காய்ந்த சந்தனத்தைச் செந்தில் துணியால் துடைத்துக்கொண்டு வந்தார். கன்ட்ரோலரின் பின்பக்கம் ஒரு பொடித் துளை. அதற்குள் சந்தனம் அடைத்திருந்தது.

ஸ்பிரேயரின் நாசிலில் மருந்துத் தூசி அடைத்தால் என்ன செய்வார்கள்? ஊக்கை விட்டுக் குடைவார்கள். செந்தில் அதைத்தான் செய்தார். வேலையில் சுத்தமான ஆள் என்பதால், நன்றாக அழுத்தி, பொறுமையாகக் குடைந்தார்.

அந்தத் துளை ரீசெட் பட்டனுக்கானது. அழுத்திப் பிடித்தால் போதும். நான் ஒரு வாரம் போட்ட பூட்டெல்லாம் அழிந்து, பெட்டி கடையிலிருந்து வந்த அன்று இருந்த நிலைக்குப் போய்விடும். போய்விட்டது.

"சந்தனத்தத்தான் எடுத்தேன் அத்தான்... லைட்டு எல்லாம் ஒரு தடவ மின்னிச்சு. சுத்தமாயிட்டுன்னு நெனச்சேன்" என்றார் செந்தில். சுத்தமாகத்தான் ஆகியிருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

பேக்கப் இருக்கிறதே என்று லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன். தவறு என்றது. மாற்றி அடித்தேன். தவறு. என் வீட்டுக்குள் வரத் துடித்த முதல் அந்நியன் நான்தான்!

சரி, புதிதாகவே அமைத்துவிடலாம் என்றால், நெட் கம்பெனி கொடுத்த யூசர் நேமும் பாஸ்வேர்டும் வேண்டும். வாசலுக்கு ஓடி, நம்ம ஏரியாவுக்கு நெட் கொடுக்கும் கேபிள்காரருக்குப் போன் போட்டேன்.

"சார், அது சிஸ்டத்துலதான் இருக்கு. சிஸ்டம் சாமிகிட்ட இருக்கு. ஐயர் இன்னும் வரல. மறுபூஜை ஆவாம அதத் தொட முடியாதுங்களே" என்றார்.

அவரிடம் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? என் பெட்டி மேலும் குங்குமம் இருந்தது.

மணி ஏழு இருபத்தைந்து. வாசலில் பேசத்தான் முடியும்; மொட்டை மாடிக்குப் போனால் செல்போன் நெட் கிடைக்கும். ஆனால் வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது. மாலதி பட்டுப்புடவையில், கையில் லேப்டாப்போடு ஹாலில் நின்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. "அந்தம்மா சொன்னது சரியாப் போச்சு" என்று மட்டும் சொன்னார். இந்த வகுப்புக்காகத்தான் அவர் சம்பளத்தை விட்டார். இந்த வகுப்புக்காகத்தான் நான் பெட்டி வாங்கினேன்.

மாலதி செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டுக்கு நடந்தார். நான் சார்ஜரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். செந்தில் குடையோடு எனக்குப் பின்னால் வந்தார்.

நூர்ஜஹான் அக்கா கதவைத் திறந்தார். "வா மாலதி, ஹால்ல ஒக்காரு. அந்தச் சுவரு பின்னாடி இருந்தா படம் நல்லா தெரியும்" என்றார். அடுப்பை அணைத்தார், குக்கர் விசில் அடிக்கக் கூடாதென்று. டிவியை நிறுத்தினார்.

"அக்கா, பாஸ்வேர்டு..." என்றார் மாலதி.

"உங்க வூட்டுப் பழைய பாஸ்வேர்டுதான். எல்லார் வாய்லயும் அதான் வருது. எதுக்கு மாத்தணும்னு எங்க நெட்டுக்கும் அதையே வச்சுட்டோம்."

தெருவுக்கே தெரிந்த பாஸ்வேர்டு. செக்யூரிட்டி நிபுணர் யாராவது கேட்டால் மயங்கி விழுவார். மாலதி அதை அடித்தார். உடனே கனெக்ட் ஆனது.

ஏழே முக்காலுக்கு வகுப்பு ஆரம்பித்தது. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்று மாலதி சொல்லிக்கொடுத்தார். நடுவில் ஒரு பிள்ளை சிரித்தது. எட்டே முக்கால் வரை ஓர் இடத்திலும் குரல் உடையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னங்களுக்காக நான் அழுதது பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

வகுப்பு முடிந்து நாங்கள் கிளம்பும்போது அக்கா என்னிடம் கேட்டார். "செக்யூரிட்டி சரியாயிட்டா தம்பி?"

அவர் கொடுத்த சேமியாவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மத்தியானம் கேபிள்காரரின் கம்ப்யூட்டர் சாமியிடமிருந்து திரும்பியது. மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைத்தேன். இந்த முறை பாஸ்வேர்டுகளைத் தாளில் எழுதி, பீரோவில் வைத்தேன். ரீசெட் துளை மேல் செந்திலே ஒரு டேப் ஒட்டினார். திருடனுக்குப் பயந்து நான் போட்ட பூட்டு அத்தனையும் எங்களைத்தான் வெளியே நிறுத்தியது. ஒரே ஒருவர் மண்டைக்குள் மட்டும் சாவி இருந்தால் அதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை. நான் மண்டையைப் போட்டால் வீட்டில் யாரும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பக்கூட முடியாது!

அதனால் இரண்டாவது அட்மின் ஒருவரை நியமித்தேன். மாலதி. எப்படி நுழைவது, யாருக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டார். அன்று போனில் இழுத்த அம்மாவின் பிள்ளையும் சேர்ந்துவிட்டது. இப்போது தினமும் சாயங்காலம் வகுப்பு.

இதை எழுதி முடித்து பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பலாம் என்று பட்டனைத் தட்டினேன். போகவில்லை. மறுபடி தட்டினேன். ம்ஹூம்... அட்மின் கிளாஸில் இருக்கிறார். முடியும் வரை எனக்கு நெட் கிடையாதாம்.